கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஆஸ்பத்திரி ஒப்புதல் பாரம் (சிகிச்சைக்குச் சம்மதம் என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் படிவம்) பற்றிய ஒரு கேள்விக்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று அப்புறம் வந்த கடிதங்களைப் பார்த்ததும் புரிந்தது. பாதிக்கு மேல் ரேடியேஷன் சிகிச்சை பற்றியவை. "முன்னாடியே சொல்லியிருந்தால்" என்ற சொல் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது. அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருபத்திரண்டு வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன், மருத்துவர் இல்லை. ஆனால் என் அம்மாவோடு ஏழு வாரம் ரேடியேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. மூன்று வருடத்துக்கு முன் கன்னத்தின் உட்பக்கம் புற்று வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். பிறகு 30 நாள் ரேடியேஷன். போன வருடம் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடி வலித்ததால், பக்கத்துப் பல் கிளினிக்கில் பிடுங்கினோம். ஐந்து மாதமாகியும் குழி மூடவில்லை. உள்ளே எலும்பு தெரிகிறது, வாடை அடிக்கிறது. "ரேடியேஷன் பட்ட தாடை, இப்படிப் பல்லைப் பிடுங்கியிருக்கக் கூடாது" என்று இப்போது டாக்டர் சொல்கிறார். இதை முன்பு யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை. ஆனால் அம்மா பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. இனிமேல் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?
— மகள், பட்டர்வொர்த்

பதில்: இருக்கிறது, அம்மா. கையெழுத்து உங்கள் கதவை அடைத்துவிடவில்லை.

சட்டத்துக்குப் போவதற்கு முன் ஒன்று. இனி அம்மாவின் வாயில் யார் கை வைத்தாலும், வெறும் பல் சுத்தம் செய்வதற்கென்றாலும்கூட, "தாடையில் ரேடியேஷன் கொடுத்திருக்கிறது" என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் எந்த வருடம், எத்தனை நாள், மொத்தம் எத்தனை கிரே என்று எழுதி அவருடைய அடையாளக் கார்டோடு வையுங்கள். கிரே என்பது கதிர்வீச்சின் அளவு. கன்னப் புற்றுக்கு அறுவைக்குப் பிறகு நாளுக்கு 2 கிரே வீதம் 30 நாள், ஆக 60 கிரே கொடுப்பது வழக்கமான கணக்கு. அந்த அளவு படும்போது தாடை எலும்புக்குப் போகும் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கெட்டுவிடுகின்றன. எலும்பு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காயம் பட்டால் ஆற்றிக்கொள்ளும் சக்தி அதற்கு இருக்காது. பல் பிடுங்கிய குழி மூடாமல் நிற்பது அதனால்தான். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடைக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் இந்தத் தொல்லை அங்கேதான் அதிகம். இந்த ஆபத்து ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ போய்விடாது, வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும்.

இதைத் தடுக்க வழி உண்டு என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் தொடங்கும் முன்பே நோயாளியைப் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காப்பாற்ற முடியாத பற்களை அப்போதே எடுத்து, குழி ஆற இரண்டு வாரமாவது விட்டு, அப்புறம்தான் மெஷினில் படுக்க வைப்பார்கள். பல நாடுகளில் இதுதான் நடைமுறை. அதனால் உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: ரேடியேஷனுக்கு முன் அம்மாவைப் பல் பிரிவுக்கு அனுப்பினார்களா? இரண்டாவது: பல் கிளினிக்கில் "முன்பு ஏதாவது பெரிய சிகிச்சை எடுத்தீர்களா" என்று கேட்டார்களா? கேட்டிருந்து நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அது ஒரு கதை, கேட்கவே இல்லை என்றால் வேறு கதை.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். நம் நாட்டில் இந்த விஷயத்தைத் திருப்பிப் போட்ட வழக்கு ஃபூ ஃபியோ நா என்ற பெண்ணுடையது. 1982 ஜூலையில் கார் விபத்தில் அவருக்குக் கழுத்தெலும்பு பிசகியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை கால்கள் செயலிழந்தன. எலும்பைப் பிடித்து வைக்கச் சுற்றிய கம்பி தண்டுவடத்தை அழுத்தியிருந்தது இரண்டாவது அறுவையில்தான் தெரிந்தது. உயர் நீதிமன்றத்தில் அவர் வென்றார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். கடைசியில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பர் 29ஆம் நாள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இருபத்து நான்கு வருடம் அந்தப் பெண் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். எனக்கு அந்தத் தீர்ப்பின் சட்டத்தைவிட அந்த இருபத்து நான்கு வருடம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அதுவரை நம் நீதிமன்றங்கள் 1957ஆம் வருடத்து இங்கிலாந்து வழக்கான போலம் வழக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. அதன்படி, நோயாளிக்கு எவ்வளவு சொல்வது என்பதை மருத்துவர்களே முடிவு செய்யலாம். மற்ற மருத்துவர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்று காட்டிவிட்டால் போதும். 2006ஆம் வருடத் தீர்ப்பு, ஆபத்துகளைச் சொல்லும் கடமைக்கு அந்த அளவுகோல் ஆகாது என்றது. அதற்கு எடுத்துக்கொண்டது ஆஸ்திரேலியாவில் 1992ஆம் வருடம் முடிந்த ரோஜர்ஸ் - விட்டேக்கர் வழக்கை. சின்ன வயதில் அடிபட்டு ஒரு கண் ஏறக்குறையப் பார்வை இழந்த ஒரு பெண் அந்தக் கண்ணுக்கு அறுவை செய்துகொள்ளப் போனார். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு பயம். தவறிப்போய் யாரும் அதைத் தொட்டுவிடாமல் இருக்க, அதன் மேல் எதையாவது போட்டு மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார். அடிபட்ட கண்ணுக்குச் செய்யும் அறுவையால் நல்ல கண்ணும் போகும் ஆபத்து 14,000 பேரில் ஒருவருக்கு. டாக்டர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு நல்ல கண்ணும் போய்விட்டது. மற்ற டாக்டர்கள் பலரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஆபத்து முக்கியமா என்பதுதான் கேள்வி என்றது. 2017ஆம் வருடம் நம் கூட்டரசு நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. நோயைக் கண்டறிவது, சிகிச்சை செய்வது ஆகியவற்றுக்குப் பழைய மருத்துவ அளவுகோல். ஆபத்துகளை எடுத்துச் சொல்வதற்கு இந்தப் புதிய அளவுகோல்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இப்படிக் கேட்க வேண்டும்: வெற்றிலை போட்டு, பல் ஆடிக்கொண்டிருக்கிற அறுபது வயதுப் பெண்ணுக்கு, "இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை ஆறாமல் போகலாம்" என்பது முக்கியமான செய்தியா, இல்லையா? (வெற்றிலை என்பது என் ஊகம். இந்நாட்டில் வாய்ப்புற்று நம் இந்தியர்களிடையே கூடுதலாக இருப்பதற்கு வெற்றிலை பாக்கு, புகையிலை ஒரு பெரிய காரணம். என் பாட்டியும் அப்படித்தான் போனார்.) என்னைக் கேட்டால், இது 14,000இல் ஒன்று என்ற கணக்கில் வரும் ஆபத்தே இல்லை. பல் உள்ள எல்லோருக்கும் கட்டாயம் சொல்ல வேண்டியது.

அப்படியானால் கையெழுத்து? அது "நான் கேட்டேன், புரிந்துகொண்டேன், சரி என்றேன்" என்பதற்கு ஒரு சாட்சி மட்டும்தான். கேட்டதும் புரிந்ததும் நடக்கவே இல்லை என்றால் அந்தச் சாட்சிக்கு மதிப்பில்லை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. பாரத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். பல பாரங்களில், மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட என்று கீழே ஒரு கோடு இருக்கும். என்னிடம் வந்த ஒரு பழைய கோப்பில், மேலே மூன்று பத்தி மலாய் எழுத்து, அதன் அடியில் ஒரு அம்மா தன் பெயரைத் தமிழில், 'ல'வின் சுழியைப் பெரிதாகச் சுழித்து எழுதியிருந்தார். மொழிபெயர்த்தவர் கோடு வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒரு தாளை வைத்தே அரை நாள் வாதாட முடியும்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். "எங்களிடம் சொல்லவில்லை" என்று நிரூபித்தால் மட்டும் நஷ்டஈடு வந்துவிடாது. சொல்லியிருந்தால் நீங்கள் வேறு மாதிரி நடந்திருப்பீர்கள், அதனால் இந்தக் கேடு வந்திருக்காது என்பதையும் காட்ட வேண்டும். புற்றுக்கு ரேடியேஷனே வேண்டாம் என்று அம்மா சொல்லியிருப்பார் என்றால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார். ஆனால் முன்கூட்டியே பல்லை எடுத்திருப்போம், அல்லது பின்னால் சாதாரணக் கிளினிக்குக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரியின் வாய், தாடை அறுவை நிபுணரிடம் போயிருப்போம் என்றால் அது நம்பத்தக்கது. உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: மருத்துவமனைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து ஒப்புதல் பாரம், டாக்டரின் குறிப்புகள், ரேடியேஷன் திட்டம் (எந்த இடம், எத்தனை கிரே), பல் பிரிவுக்கு அனுப்பிய குறிப்பு இருந்தால் அது, எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். 1998ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் நோயாளிகள் புகார் கொடுக்க முறையான ஏற்பாடு இருக்க வேண்டும், அதையும் பயன்படுத்துங்கள். மருத்துவ மன்றத்துக்குப் புகார் கொடுக்கலாம், அது டாக்டரின் ஒழுங்கைப் பார்க்கும், பணம் வாங்கித் தராது. பணத்துக்கு நீதிமன்றம்தான். தனியார் மருத்துவமனை மீது வழக்குப் போட ஆறு வருடக் கெடு. அந்த ஆறு வருடம் எந்த நாளில் தொடங்கியது என்பதே பின்னால் சண்டையாகிவிடும், அதனால் தள்ளிப்போடாமல் இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் தாடையைப் பாருங்கள். வழக்கு காத்திருக்கும், எலும்பு காத்திருக்காது.

*

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனையில் தொண்டைப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ரேடியேஷன். அப்பாவிடம் 'கட்டி' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார். டாக்டரிடம், அப்பாவிடம் சொல்ல வேண்டாம், நாங்களே கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்டால் ஒத்துக்கொள்வாரா?
— மூத்த மகன், செந்தூல்

பதில்: ஒத்துக்கொள்ளக் கூடாது, தம்பி. சுய நினைவோடு இருக்கும் வயது வந்த ஒருவருக்குப் பதில் மகனோ மனைவியோ கையெழுத்துப் போட முடியாது. டாக்டரின் கடமை உங்கள் அப்பாவுக்கு, உங்களுக்கு அல்ல. தெரிந்தால் நோயாளிக்கே கடுமையான தீங்கு வரும் என்று டாக்டர் தம் மருத்துவ அறிவால் முடிவு செய்யும் சில அபூர்வமான நேரங்களில் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. "அப்பா வருத்தப்படுவார்" என்பது அந்த இடம் இல்லை. "எனக்கு எதையும் சொல்ல வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள்" என்று அப்பாவே டாக்டரிடம் சொன்னால் அது அவர் உரிமை. அப்படிக் கேட்டுப் பாருங்கள். அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

இதை நான் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. நீங்கள் செய்ய நினைப்பதை நான் செய்தேன்.

என் அம்மாவுக்கும் தொண்டைதான். நான் அப்போது வழக்கறிஞராகிப் பல வருடம் ஆகிவிட்டது. மற்றவர்களுக்காக நீதிமன்றத்தில் ஒப்புதலைப் பற்றி வாதாடியவள், வீட்டில் அண்ணன்களோடு சேர்ந்துகொண்டு "தொண்டையில் சதை வளர்ந்திருக்கும்மா, லைட் வைப்பாங்க, சரியாயிடும்" என்றேன். டாக்டரும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை.

தலை அசையாமல் இருக்க முகமூடி செய்வார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டு எடுப்பார்கள். துணி மாதிரி துவண்டுவிடும். அதை முகத்தின் மேல் விரித்து, நெற்றியிலிருந்து தோள் வரை இழுத்துப் பிடிப்பார்கள். சில நிமிடத்தில் இறுகி, முகத்தின் அச்சு அப்படியே விழுந்துவிடும். அதன்பிறகு தினமும் அதைப் போட்டு, படுக்கைப் பலகையோடு சேர்த்து மாட்டுவார்கள். மூச்சு விடலாம், வலிக்காது. ஆனால் ஏன் என்று தெரியாத ஒருவருக்கு? முதல் நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சதைக்கு எதுக்குடி மூஞ்சியைக் கட்டுறாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் நாக்கில் ருசி போனது. உமிழ்நீர் வற்றியது. வாயெல்லாம் புண். ரேடியேஷனில் பெரும்பாலும் வருவதுதான், எப்போது வரும், எப்போது குறையும் என்று அங்கிருக்கும் மிஸிக்கே, அதாவது நர்ஸுக்கே, தெரியும். ஆனால் அம்மாவுக்குத் தெரியாதே. சாவு வந்துவிட்டது, அதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இருபதாவது நாளோ என்னவோ, காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண் அன்பாக, "கன்சர் எங்கே, மக்சிக்?" (புற்று எங்கே, அம்மா?) என்று கேட்டுவிட்டார். அம்மா அவருக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பாலத்தைக் கடந்து வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது, "என் உடம்புடி. எனக்குத் தெரியக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் சிகிச்சைக்கு வந்தார். மிச்சம் பதினைந்து நாளையும் முடித்தார். உண்மை தெரிந்த பிறகு அவர் உடைந்துபோகவில்லை. உமிழ்நீர் போனதற்குத் தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தலும், சோற்றுக்கு ரசத்தைத் தளரத் தளர ஊற்றிக்கொள்வதும் என்று அவரே வழி கண்டுபிடித்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இருபது நாளும் அவர் பயத்தில் கிடந்திருக்க வேண்டியதில்லை. அது என்னால் வந்தது.

தம்பி, அடுத்த வாரம் என்கிறீர்கள். இன்னும் நாள் இருக்கிறது. டாக்டரை வீட்டு மொழியில் பேசச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கூட நின்று வரிக்கு வரி தமிழில் சொல்லுங்கள். எதையும் மாற்றாமல், குறைக்காமல் சொல்லுங்கள். அப்படியே அப்பாவின் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், மேலே பட்டர்வொர்த் வாசகியின் கடிதம் உங்களுக்கும்தான்.

*

கேள்வி: எனக்கு 34 வயது. கருப்பை வாய்ப் புற்று. அறுவை வேண்டாம், ரேடியேஷனும் கீமோவும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாரத்தில் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கும் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கலாமா?
— வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: கேளுங்கள். இந்த வாரமே, ரேடியேஷன் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

உங்கள் உடம்புக்கான சிகிச்சைக்குச் சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை. கணவர் கூட இருப்பது நல்லது, ஆனால் அவர் கையெழுத்து உங்கள் கையெழுத்துக்குப் பதிலாகாது, அவர் மறுத்தாலும் உங்கள் சம்மதம் சம்மதம்தான்.

இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் ரேடியேஷனில் சினைப்பை வேலையை நிறுத்திவிடும், மாதவிடாய் நின்றுபோகும். கருப்பையும் பாதிக்கப்படும், அதன்பிறகு வயிற்றில் குழந்தையைச் சுமப்பது பெரும்பாலும் இயலாது. 34 வயதில், குழந்தை இல்லாத ஒரு பெண்ணுக்கு இதைவிட முக்கியமான செய்தி என்ன இருக்கிறது? இதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முழுமையான ஒப்புதல் ஆகாது. சிகிச்சைக்கு முன் கருமுட்டையை எடுத்து உறைய வைப்பது, சிலருக்குச் சினைப்பையைக் கதிர் படாத உயரத்துக்கு நகர்த்தி வைப்பது என்று வழிகள் உண்டு. உங்களுக்கு அவை பொருந்துமா, அதற்கு நேரம் இருக்கிறதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொல்லும் கடமை அவருக்கு இருக்கிறது.

இன்னொன்று. ரேடியேஷனுக்குப் பிறகு பிறப்புறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தடுக்க ஒரு சின்னக் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தச் சொல்வார்கள். நம் பெண்களிடம் இதைச் சொல்ல மிஸிகளே கூச்சப்படுகிறார்கள், நாமும் கேட்பதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் என் அறையில் அழுதுகொண்டு, கணவர் விலகிப்போன கதையைச் சொல்வார். யாராவது ஐந்து நிமிடம் கதவை மூடிவிட்டுப் பேசியிருந்தால் அந்தக் கதையே இருந்திருக்காது. பெண் டாக்டரோ பெண் மிஸியோ வேண்டும் என்று கேளுங்கள். மலத்திலோ சிறுநீரிலோ பின்னாளில் இரத்தம் வரலாமா என்றும் கேளுங்கள், அதுவும் வரக்கூடியதுதான்.

ஆனால் ஒன்று. இந்தச் சிகிச்சையை வெளியிலிருந்து கொடுப்பது, உள்ளிருந்து கொடுப்பது இரண்டும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். இழுத்தடித்தால் பலன் குறையும். அதனால் கேள்விகள் எல்லாம் முன்னால். தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்தாதீர்கள்.

*

கேள்வி: மனைவிக்கு மார்பகப் புற்று, அரசாங்க மருத்துவமனையில் 15 நாள் ரேடியேஷன். தோல் கருத்து, அக்குள் பக்கம் உரிந்துவிட்டது. டாக்டர் முன்பே சொன்னார்தான், ஆனால் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. வழக்குப் போடலாமா?
— கணவர், கெப்போங்

பதில்: வேண்டாம். பக்க விளைவு வந்ததே தவறு என்று ஆகிவிடாது. 15 நாளில் 40 கிரே என்பது இப்போது பல நாடுகளில் கொடுக்கும் முறைதான். தோல் கருப்பதும் உரிவதும் எதிர்பார்த்தது, பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிவிடும். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பவுடர், வாசனைச் சோப்பு இல்லாமல், தளர்ந்த பருத்தித் துணி போடச் சொல்லுங்கள். களிம்பு எதையும் கிளினிக்கில் கேட்காமல் தடவ வேண்டாம்.

நீங்கள் கேட்க மறந்தது பின்னால் வரக்கூடியவற்றைப் பற்றி. கை வீங்குவது, இடது மார்பாக இருந்தால் இதயத்துக்குப் படும் அளவு, நுரையீரல், கை நரம்பு. பிரிட்டனில் மார்பகப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்த சில பெண்களுக்கு வருடக்கணக்கில் கழித்துக் கை நரம்பு கெட்டு, கையே தூக்க முடியாமல் போனது. 1990களின் தொடக்கத்தில் அவர்கள் ஒன்று சேர்ந்து அமைப்பு வைத்துப் போராடினார்கள். இன்றைய முறைகளில் அப்படி நடப்பது வெகு அபூர்வம். ஆனால் அடுத்த சந்திப்பில், "பத்து வருடம் கழித்து என்ன வரலாம்?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்காக ஒரு வரி: அரசாங்க மருத்துவமனை மீது வழக்கு என்றால் கெடு 36 மாதம்தான், ஆறு வருடம் இல்லை. இது தெரியாமல் வருகிறவர்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது திருப்பி அனுப்புகிறேன்.

*

கேள்வி: எனக்கு ரேடியேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. உடம்பிலிருந்து கதிர் வீசும் என்று சம்பந்தியம்மா சொன்னதால் பேரனைத் தொடாமல் இருக்கிறேன். இரண்டு வயசுப் பிள்ளை, கதவருகே நின்று 'பாட்டி' என்று கை நீட்டுகிறான். எப்போது தூக்கலாம்?
— பாட்டி, ஆயர் ஈத்தாம்

பதில்: தைரோய்டுக்கு அயோடின் மாத்திரை விழுங்கினீர்களா? அப்படி என்றால் கொஞ்ச காலம் விலகி இருக்கச் சொல்வார்கள், ஆறு வாரத்தில் அதுவும் தாண்டியிருக்கும். வெளியே மெஷினிலிருந்து கொடுத்த ரேடியேஷன் என்றால், மெஷினை நிறுத்திய நொடியில் கதிரும் நின்றுவிடும். உங்கள் உடம்பில் எதுவும் தங்காது. சிகிச்சை நடந்த நாட்களிலேயே அவனைத் தூக்கியிருக்கலாம். இதை அங்கே ஒருவர்கூட உங்களிடம் சொல்லவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இதைப் படித்து முடித்தவுடன் கதவைத் திறந்து தூக்கிக்கொள்ளுங்கள், அம்மா.